யானைத்தீயும் நிலா முகமும்

தமிழ்க் கவிதையில் ஒரு பெண்ணின் முகத்தைப் புகழ நிலவைவிட்டால் வேறு பொருளே அகப்படுவதில்லை. திருக்குறளின் நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்தில் எது நிலா, எது இவள் முகம் என்று தெரியாமல் விண்மீன்கள் கலங்குகின்றன. அடுத்த குறளில், நிலவுக்கு இருக்கிற மறு இவள் முகத்தில் உண்டா என்று காதலன் கேட்கிறான். பின்னால் வந்த புலவர்கள் பெண்ணை அடிமுதல் முடிவரை அளந்துகொண்டே வந்து, முகத்துக்கு வந்ததும் யோசிக்காமல் ஒரு நிலவை எடுத்து வைத்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விடுவார்கள். பதினெட்டு ஆண்டுகளாக இதையெல்லாம் வகுப்பில் நடத்துகிறேன். இதே உவமையை ஒரு நோய்க்குறியின் பெயராக நான் முதலில் பார்த்தது, உடன் பணிபுரியும் பேராசிரியை ஒருவர் லூபஸ் நோய்க்காகப் பிரெட்னிசலோன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த வருடத்தில். அவருடைய மருத்துவக் குறிப்பில் இரண்டே சொற்களில் எழுதியிருந்தது: மூன் ஃபேஸ்.

கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனோ, அதைப் போலவே வேலை செய்யும் மாத்திரையோ உடலில் அளவுக்கு மிஞ்சினால் முகம் வட்டமாகிறது. கன்னங்கள் நிரம்பி, முகவாயும் கழுத்தும் ஒன்றாகின்றன. மருத்துவம் இதற்கு நிலா என்று பெயர் வைத்தது. பிடரிக்குக் கீழே திரளும் கொழுப்புக்கு எருமைத் திமில் என்று பெயர். (நம்மூர் எருமைக்குத் திமிலே கிடையாது. அந்தப் பெயரில் நிற்பது வட அமெரிக்கப் புல்வெளியின் பைசன். ஆனால் இதைத் தமிழாக்கி ஒரு பெண்ணிடம் சொன்னால், சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய வசைதான் அவள் காதில் விழும்.) கைகால் மெலிந்து நடு உடல் மட்டும் பருப்பதைத் தீக்குச்சிகளில் குத்திய எலுமிச்சம்பழம் என்கிறார்கள். 1921இல் அஷார், தியேர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள், முகத்தில் மயிர் வளர்ந்து சர்க்கரை நோயும் கண்ட பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு, தாடி வைத்த பெண்களின் நீரிழிவு. மருத்துவர்கள் கவிதை எழுத மாட்டார்கள் என்று யார் சொன்னது? எழுதுகிறார்கள், மோசமாக எழுதுகிறார்கள்.

ஓர் உவமையைப் படித்தால் பொருளைவிட, பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது முதலில் தெரிந்துவிடும். மேலே சொன்ன உவமைகள் எல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறவருடையவை. கட்டிலில் இருப்பவளுக்குள் நடப்பது எதற்கும் இந்த அகராதியில் உருவகம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு உலுக்கி எழுப்புகிற பசிக்கு ஒரு பழமோ விலங்கோ கிடைக்கவில்லை. காரணமில்லாத உற்சாகமும் அதன் பின்னாலேயே வரும் அழுகையும் பக்கவிளைவுகள் பட்டியலில் ஒரு வரியாக ஒடுங்கிவிடுகின்றன.

இந்த நோயின் வரலாறே ஒரு பெண்ணைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய, 23 வயதான ஒரு யூதப் பெண்ணை 1910இல் பால்டிமோரில் ஹார்வி குஷிங் பரிசோதித்தார். 1912இல் வெளிவந்த அவருடைய பிட்யூட்டரி பற்றிய நூலில் அவள் பெயர் மின்னி ஜி. உடல் பருமன், தலைவலி, நின்றுபோன மாதவிடாய், உடலில் வளர்ந்த மயிர் எல்லாம் அங்கே பதிவாகியிருக்கின்றன. இருபது ஆண்டுகள் கழித்து, 1932இல், அவளைப் போன்ற வேறு சிலரையும் சேர்த்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்த நோய் குஷிங்கின் பெயரால் வழங்கலாயிற்று. நோய்க்கு மருத்துவரின் பெயர். அதைச் சுமந்த உடலுக்கு ஒரு முதல் பெயரும் ஓர் எழுத்தும். ஆனால் குஷிங்கின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் அவளுடைய பருமனுக்கான காரணத்தை அவள் நாக்கில் தேடவில்லை, சுரப்பியில் தேடினார். நூறு ஆண்டுகள் கழித்தும் நம் குடும்பங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அப்போது கார்ட்டிசால் பிரித்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் நெருங்கிய உறவான கார்ட்டிசோன், 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள், கடைவீதிக்குப் போனாள். 1950இல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் என்ற மூன்று ஆண்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடந்துபோன அந்தப் பெண்ணுக்கு முகம் வீங்கியது, மனம் குலைந்தது. அதிசய மருந்தின் கதையில் இந்த இரண்டாவது பாதி எப்போதும் தாழ்ந்த குரலில்தான் சொல்லப்படுகிறது. இந்த மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் தோழியின் சிறுநீரகங்களைக் காப்பாற்றியது அதுதான். லூபஸ் பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதமும் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. ஆகவே ஸ்டீராய்டு தரும் முகத்தை அணிந்துகொண்டு கல்யாண வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த முகத்தை ஊர் எப்படி வாசிக்கிறது என்பது அவர்களுடைய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

அந்த ஹார்மோன் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓர் இலக்கியக்காரிக்கு இது தேவையா என்றால், தேவைதான். பசியைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அதைக் குணமாகவே பேசிவிட்டுப் போகிற மொழி நம்முடையது.

சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால் வருகிறது. அதற்கான உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் கிளம்பி, பிட்யூட்டரி வழியாகக் கீழே இறங்குகிறது. விழிக்கும் வேளையில் அதன் அளவு உச்சம், நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவு. அச்சமோ பதற்றமோ வரும்போது முதலில் ஹைப்போதலாமஸ் அனுப்பும் உத்தரவே பசியை அடக்கிவிடும். கெட்ட சேதி வந்த வீட்டில் சோறு இறங்காமல் போவது அதனால்தான். ஆனால் அந்த உத்தரவு சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதன் பின்னால் வந்த கார்ட்டிசால் இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். அது சொல்வது வேறு: செலவாகிவிட்டது, மறுபடி நிரப்பு. ஓடித் தப்பிய விலங்குக்கு இது நியாயமான கட்டளை. எங்கும் ஓட முடியாமல் ஒரே இடத்தில் நின்று பதறுகிற மனுஷிக்கும் அதே கட்டளை வருகிறது, செலவே ஆகாமல்.

மூளைக்குள் கார்ட்டிசாலின் வேலை ஒரே இடத்தில் முடிவதில்லை. ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டுகிற நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை வெளியிடும் நியூரோபெப்டைட் ஒய் போன்ற பொருள்களைக் கார்ட்டிசால் கூட்டுகிறது. கொழுப்புத் திசு, சேமிப்பு போதும் என்று மூளைக்கு அனுப்பும் சேதிதான் லெப்டின். கார்ட்டிசால் மிகுந்த மூளைக்கு அந்தச் சேதி சரியாகக் கேட்பதில்லை. வயிறு நிறைந்திருக்கும், நிறைந்தது என்ற சொல் மட்டும் போய்ச் சேராது. இன்னொரு பக்கம், இன்பத்தையும் நாட்டத்தையும் ஆளும் டோபமைன் பாதைகளை அது உசுப்பிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பசி கீரையைக் கேட்பதில்லை. இனிப்பும் எண்ணெயுமாகக் கேட்கிறது. கிடைப்பதைக் கொழுப்பாக்கி, இன்சுலினும் சேர்ந்துகொள்ள, வயிற்றுக்குள் ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கிருக்கும் கொழுப்பணுக்களில் கார்ட்டிசாலை வரவேற்கும் ஏற்பிகள் அதிகம். கைகால்களின் தசையை மட்டும் கரைத்துக்கொண்டே வருகிறது. அந்த எலுமிச்சம்பழ உவமைக்குப் பின்னால் நடப்பது இதுதான்: ஒரே உடலில் ஒரு பக்கம் பஞ்சம், ஒரு பக்கம் பதுக்கல்.

கொழுப்பும் சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. செயலற்றுக் கிடக்கும் கார்ட்டிசோனைச் செயல்படும் கார்ட்டிசாலாக மாற்றும் ஒரு நொதி கொழுப்புத் திசுவிலேயே இருக்கிறது. அந்த நொதி கொழுப்பில் மட்டும் மிகுதியாக இருக்கும்படி உருவாக்கிய எலிகள் அதிகம் தின்று, வயிற்றுப் பருமனும் சர்க்கரைக் கோளாறும் கண்டதாக 2001இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனநல மருத்துவர் மோனிகா ஸ்டார்க்மன் குஷிங் நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் அவர்களுக்குச் சுருங்கியிருப்பதையும், சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு மீள்வதையும் காட்டினார். நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று ஒருத்தியைச் சொல்கிறபோது, எத்தனை இடங்களில் நடக்கும் எத்தனை வேலைகளை நாக்கு என்ற ஒரே உறுப்பின் தலையில் கட்டுகிறோம் பாருங்கள்.

என் சித்திக்கு ஆஸ்துமா. தொண்ணூறுகளில் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டார். பசிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்த மருத்துவரும் சொல்லவில்லை. ராத்திரி எழுந்து பழையதில் தண்ணீரும் உப்பும் விட்டு நின்றபடியே கரைத்துக் குடிப்பார். ஒரு தீபாவளிக்கு அதிரசத் தூக்குக்குப் பூட்டுப் போட்டார்கள். “மூச்சு விட முடியலைங்கிறா, தின்ன மட்டும் முடியுது” என்று ஆச்சி எல்லார் முன்னாலும் சொன்னதைச் சித்தி மறக்கவே இல்லை. இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் இருந்த சொற்கள் அவ்வளவுதான். வாயைக் கட்டு, நாக்கு நீளம், தீனிப்பண்டாரம். பெண்ணுக்கு உணவு சுருங்குவதே அழகு என்று கொன்றை வேந்தன் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதையும் ஔவையின் வாயால். அதைச் சிறு பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும்போது வகுப்பில் இருக்கும் பெண் குழந்தை எவளுக்காவது மத்தியானப் பசி எடுத்திருக்கும்.

அளவுக்கு மீறிய பசியை நோய் என்று அழைத்த ஒரு பிரதி தமிழில் இருக்கிறது என்பதால்தான் மணிமேகலையிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் கணவனோடு பொதியில் மலைக்கு வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பழுக்கும் நாவல் கனியை ஒரு முனிவன் இலையில் வைத்துவிட்டு நீராடப் போயிருக்கிறான். அவள் அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அடுத்த கனி பழுக்கும்வரை யானைத்தீ என்னும் தீராப் பசியில் நீ கிட என்று அவன் சபிக்கிறான். ஓர் ஆணின் சாப்பாட்டைக் கெடுத்ததற்கு ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பசி. இந்தக் கணக்கை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அண்ணனும் அப்பாவும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவர்கள்.

காயசண்டிகைக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல வரவில்லை. காப்பியப் பாத்திரங்களுக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற விளையாட்டு எனக்குப் பிடிக்காது. நான் கவனிப்பது சாத்தனாரின் சொல்லை. சாபத்தின் காரணம் எவ்வளவு ஆணியதாக இருந்தாலும், பசி வந்த பிறகு அவர் அதை அவளுடைய குணக்கேடாக எழுதவில்லை. தீ என்கிறார், நோய் என்கிறார். உள்ளிருந்து எரிவதற்கான உருவகம் அது. கால்மாட்டில் நின்று பார்த்தவருக்குக் கிடைக்கக்கூடியதல்ல. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவு கொடுக்கிறாள், பசி தீர்கிறது. அத்தோடு விட்டிருக்கலாம். காப்பியம் விடவில்லை. பசி தீர்ந்து வானத்தில் ஊர் திரும்புகிற காயசண்டிகையை, விந்திய மலையைக் காக்கும் விந்தாகடிகை விழுங்கிவிடுகிறாள். பசித்தவள் இன்னொரு வயிற்றுக்குள் போய் முடிகிறாள். இந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தமிழில் பெண் பசிக்கு இதைவிடக் கண்ணியமான பெயரை வேறு யாரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் குணம் என்ற குற்றச்சாட்டை அங்கே சில பெண்கள் வேறு விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மேரி டால்மனும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம் இது: ஓயாத நெருக்கடியில் இருக்கும் உயிர் இனிப்பையும் கொழுப்பையும் தின்பது, நெருக்கடியின் உத்தரவைத் தணிப்பதற்காகவே. அந்த உணவு மூளையில் கிளம்பும் உத்தரவைக் கொஞ்சம் அடக்கவும் செய்கிறது. எலிகளில் இதைக் கண்டார்கள். அதாவது சித்தி குடித்த அந்தப் பழையது ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. எலிசா எப்பல் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 59 பெண்களை ஒரு நாள் நெருக்கடிக்கு உள்ளாக்கி, இன்னொரு நாள் சும்மா விட்டுப் பார்த்தார்கள். நெருக்கடியில் யாருக்குக் கார்ட்டிசால் அதிகம் ஏறியதோ அவர்களே அந்த நாளில் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள்.

சரி, வாயைக் கட்டினால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். ஜேனட் டோமியாமா 2010இல் வெளியிட்ட ஆய்வில் 121 பெண்களில் ஒரு பகுதியினர் மூன்று வாரம் நாளுக்கு 1200 கலோரிக்குள் சாப்பிட்டார்கள். அவர்களுடைய கார்ட்டிசால் ஏறியது. பட்டினியும் ஒரு நெருக்கடிதான். உடலுக்கு டயட் என்ற சொல் தெரியாது. 2014இல் வந்த இன்னோர் ஆய்வு, நம்மைப் போலச் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஷ்வே என்ற ஆய்வாளரும் குழுவினரும், பருத்த பெண்களைக் கேலி செய்யும் காட்சிகளை ஒரு பகுதிப் பெண்களுக்கும், சாதாரணக் காட்சிகளை மறு பகுதியினருக்கும் போட்டுக் காட்டினார்கள். கேலியைப் பார்த்தவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறியே நின்றது, ஒல்லியானவர்களுக்கும்கூட. திரையில் அடிவாங்குவது தன் உடல்தான் என்பதை எந்த எடையில் இருக்கும் பெண்ணும் புரிந்துகொள்கிறாள்.

ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தமிழ்ப் படங்களில் பருத்த பெண் திரையில் நுழைந்தாலே பின்னணியில் ஒரு டொம் சத்தம் கேட்கும். நாற்காலி உடையும், தராசு முள் சுற்றும், கதாநாயகன் நண்பனுக்கு அவளைக் கட்டிவைக்கப் போவதாக மிரட்டுவான். ‘இஞ்சி இடுப்பழகி’ 2015இல் வந்தபோது, எடைகுறைப்பு மையத்தின் மோசடியை எதிர்த்து ஒரு பருத்த பெண் நிற்கிறாள் என்பதற்காகவே பார்க்கப் போனேன். நல்ல எண்ணம் கொண்ட படம். ஆனால் வெளியே வந்தவர்கள் பேசியது, அனுஷ்கா இதற்காக எத்தனை கிலோ ஏற்றினார், எப்போது இறக்கப்போகிறார் என்பதைத்தான். கதையில் கேள்வி கேட்டவளின் உடல், கதைக்கு வெளியே மறுபடி தராசில் ஏறிவிட்டது. கேலி கார்ட்டிசாலை ஏற்றும், கார்ட்டிசால் பசியை ஏற்றும், பசி எடையை, எடை மறுபடி கேலியை. இந்தச் செக்கில் அவளைப் பூட்டிவிட்டு, ஏன் நேராக நடக்க மாட்டேன் என்கிறாள் என்று கேட்கிறோம்.

இதே ஹார்மோனை வேண்டுமென்றே ஊட்டுகிற இடமும் உண்டு. வங்கதேசத்தில் ஓரடெக்சான் என்ற பெயரில் விற்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, பக்ரீத்துக்கு முன்னால் மாடுகளைச் சீக்கிரம் கொழுக்க வைக்கப் பயன்பட்டு வந்தது. அதே மாத்திரையை ஃபரித்பூர், தங்காயில் போன்ற ஊர்களின் விபசார விடுதிகளில் பதின்வயதுச் சிறுமிகளுக்குக் கொடுத்தார்கள். பசி எடுக்கும், முகமும் மார்பும் நிரம்பும். பதினைந்து வயதுக்காரி போலீஸ்காரர் கண்ணுக்குப் பதினெட்டைத் தாண்டியவளாகவும், வாடிக்கையாளர் கண்ணுக்குச் செழித்தவளாகவும் தெரிவாள். 2010 வாக்கில் ஆக்‌ஷன்எய்ட் அமைப்பு இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. நிறுத்தினால் உடல் துவண்டுபோவதால் வளர்ந்த பெண்களும் அந்த மாத்திரையை விட முடியாமல் இருந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று குறளின் விண்மீன்களை நினைத்துக்கொண்டேன். நிலவைப் போல வட்டமான, மறுவில்லாத, நிரம்பிய முகம். உவமையில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை வேலை செய்திருக்கிறது.

நம்மிடம் இதன் மென்மையான வடிவம் ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வருவதற்கு முன் ‘கொஞ்சம் பூசினாற்போல’ ஆக வேண்டும் என்று மெலிந்த பெண்ணுக்கு எதையாவது வாங்கிக் கொடுப்பது. பூசினாற்போல என்பதற்கும் ஊதிப்போனாள் என்பதற்கும் இடையில் ஏழெட்டுக் கிலோ இருக்குமா? அந்த ஏழெட்டுக் கிலோவுக்குள்தான் ஒரு தமிழ்ப் பெண் தன் ஆயுளை வாழ்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. என் மாணவிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: கார்ட்டிசால் முகம். காலையில் முகம் உப்பியிருந்தால் அது கார்ட்டிசால், வயிறு தள்ளினால் கார்ட்டிசால். அதைக் குறைக்கப் பொடி, டீ, மாத்திரை, முகத்தை உருட்டும் கருவி. சுரப்பியில் கட்டி வந்து உண்டாகும் குஷிங் நோய் அரிது, பத்து லட்சம் பேரில் சிலருக்கு வருவது. ஒரு நாள் தூக்கமின்மையும் உப்பு தூக்கலான சாப்பாடும் முகத்தை உப்ப வைக்கும். அது நோய் ஆகாது. ஆனால் இந்தச் சந்தை செய்யும் தந்திரத்தைக் கவனியுங்கள். முன்பு, நீ அதிகம் தின்கிறாய் என்றார்கள். இப்போது, நீ அதிகம் கவலைப்படுகிறாய் என்கிறார்கள். குற்றவாளி மாறவில்லை. அவளுக்குத் தூக்கம் ஏன் இல்லை, வேலைக்கும் போய்விட்டு வந்து மாமியாரின் படுக்கையை மாற்றுவது யார் என்று எந்த டீ பாக்கெட்டும் கேட்பதில்லை.

இன்னொன்று இதைவிட எனக்குச் சங்கடம் தருவது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஏமி ஷூமரின் முகம் வீங்கியிருப்பதாக ஊரெல்லாம் கேலி பேசியது. பிறகு, ஸ்டீராய்டு ஊசிகளால் தனக்குக் குஷிங் நோய்க்குறி வந்திருப்பதாக அவர் அறிவித்தார். கேலி அடங்கியது, அனுதாபம் வந்தது. நோய்ச் சான்றிதழ் காட்டியவருக்கு மன்னிப்பு. காட்ட முடியாதவளுக்கு? ஹார்மோன் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிற, பசித்துச் சாப்பிடுகிற, அல்லது பசியில்லாமலே ஆசையாகச் சாப்பிடுகிற, பருத்த ஒரு பெண்ணுக்கு? அறிவியல் தருகிற விளக்கத்தை நம்மில் பலர் ஒரு ஜாமீன் மனுவாகப் பயன்படுத்துகிறோம்: அவள் மேல் தப்பில்லை, சுரப்பி செய்தது என்று. நானும் மேலே சில பக்கங்களில் சித்திக்காக அந்த மனுவைத்தான் எழுதியிருக்கிறேன். அவர் மேல் போட்ட வழக்கு அப்படிப்பட்டது. ஆனால் வழக்கே கூடாது என்பதுதான் என் நிலை. அதிரசத் தூக்கைப் பூட்டியது, மாத்திரை சாப்பிடாத ஒருத்திக்காக என்றாலும் அசிங்கம்தான்.

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டில் பருத்த பெண்ணையும் பருத்த ஆணையும் குறிக்கும் சொற்களைத் திரட்டி வாருங்கள் என்று. ஆண்களுக்கு ஐந்தாறு சொற்கள் வந்தன; பாதி பெருமைக்குரியவை, வாட்டசாட்டம், ஆள் கனம், வசதியான உடம்பு. பெண்களுக்கு நாற்பதுக்கு மேல். பீப்பாய், பூசணி, உரல், அம்மிக்கல், நெல்மூட்டை. பெரும்பாலும் தானியம் சேமிக்கும் பாத்திரங்களும் அதை அரைக்கும் கருவிகளும் என்று ஒருத்தி பகுத்து எழுதியிருந்தாள். அந்தத் தாளுக்கே முழு மதிப்பெண் போட்டேன். இன்னொருத்தி பட்டியலின் அடியில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தாள்: அம்மா மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், ஆவணியில் அக்கா கல்யாணம், போட்டோவில் முகம் நன்றாக இருக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்.

அவளை வராந்தாவில் கூப்பிட்டுப் பேசினேன். வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. குறைப்பதாக இருந்தால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ என்றேன். தலையாட்டினாள்.

“சொல்றேன் மேம். ஆனா அம்மா என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியும். வலி போயிரும், ஆல்பம் வீட்லயே கெடக்கும்ல, அப்படிம்பாங்க.”